உரக்கடையில் கூடிய கட்சிகளும் இந்திராணி அக்காவும்

இந்திராணி அக்கா இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவன் அவருடைய மகன் கார்த்தி. "மாமா, அம்மா போயிட்டாங்க மாமா. கடையத் தொறந்துட்டு நாற்காலியில உக்காந்தாங்க. அம்புட்டுத்தான்" என்று போனில் அழுதான். என்ன சொல்லித் தேற்றுவது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவுக்குள் அக்காவின் குரல் நுழைந்தது.

"செம்பாவயல் ஊராட்சி மக்களே, காந்தி ஜெயந்தி அன்னைக்குக் காலையில பள்ளிக்கூடத்துல கிராம சபை. எல்லாக் கட்சிக்காரங்களும் வாங்க. எந்தக் கட்சியிலயும் இல்லாதவங்க மொதல்ல வாங்க. நம்ம ஊரை யாரோட சேக்குறதுன்னு நம்மளைக் கேக்காம முடிவு பண்ணக் கூடாது. அதைக் கையத் தூக்கிச் சொல்லணும். நான் வாரேன். நீங்களும் வாங்க."

முத்துவின் லோடு ஆட்டோ அது. முதல் நாள் கடையில் உட்கார்ந்து அக்கா பேசிப் பதிவு செய்து கொடுத்ததை எடுத்துக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் காலையிலேயே ஒலிபெருக்கி கட்டிக் கிளம்பிவிட்டான். கடையில் நடந்தது அவனுக்குத் தெரியாது. போனில் கார்த்தியின் அழுகை சட்டென்று நின்றது. "மாமா, அது அம்மாவா?" என்றான். ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை இருவரும் போனைப் பிடித்தபடி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் தங்கராசு. அக்கா இருந்த கட்சிக்கு நேர் எதிர்க் கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறேன். அக்காவின் படத்திறப்புக்கு அஞ்சலி எழுத வேறு ஆளா இல்லை என்று சிலர் முணுமுணுப்பது என் காதிலும் விழுந்தது. கார்த்திதான் கேட்டான். "அவங்க கட்சிக்காரங்க எழுதுனா நல்லதா மட்டும் எழுதுவாங்க மாமா. நீங்க எழுதுங்க" என்றான். பாராட்டா, குத்தலா தெரியவில்லை. தாய்க்குத் தப்பாத பிள்ளை. கட்சிகளின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தவர்களுக்கு எது யார் என்று தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் காலமானதும் அக்கா உரக்கடையை மூடிவிடுவார் என்று ஊர் பேசியது. அவரோ காரியம் முடிந்த கையோடு ஷட்டரைத் தூக்கினார். யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் எல்லாக் கட்சிக்காரனும் அங்கேதான் வந்தாக வேண்டும். "பயிருக்கு ஏதுய்யா கட்சி?" என்பார். அதற்காக அவரைக் கட்சி பேசாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேடை ஏறினால் எங்கள் தலைவர்களை வறுத்து எடுத்துவிடுவார். கீழே இறங்கி நேராக என்னிடம் வந்து, "என்ன தங்கராசு, மொகம் ஒரு மாதிரியா இருக்கு? வா, டீ சாப்புடுவோம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீயையும் குடித்துத் தொலைப்பேன்.

பெரிய புயல் அடித்த வருஷம்தான் முதன்முதலாக அவரோடு சேர்ந்து ஒரு வேலை செய்தேன். கறம்பக்குடிக்குப் போகும் ரோட்டில் தைலமரங்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடந்தன. பலா, தென்னை எல்லாம் போன துக்கத்தில் ஊரே இடிந்துபோயிருந்தது. அதிகாரி வருவார், ஜேசிபி வரும் என்று நாங்கள் ரோட்டோரம் நின்றோம். வரப்போகும் தார்ப்பாயை எந்தக் கட்சி கொடுப்பது என்று அதற்குள் ஒரு தகராறு வேறு. அக்கா அரிவாளோடு வந்து சேர்ந்தார். "நம்ம ரோட்டுல கெடக்குற மரத்த நம்ம வெட்ட எவங்கிட்டய்யா ஆர்டர் வாங்கணும்? தங்கராசு, நீ அங்கிட்டுப் பிடி" என்றார். பிடித்தேன். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து இழுத்தோம். பொழுது சாய்வதற்குள் ஒரு பஸ் போகிற அளவுக்கு வழி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஊராட்சித் தேர்தலில் நானும் அவரும் எதிரெதிராக நின்றோம். தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அக்காவுக்குப் பூட்டு சாவி, எனக்குக் கை உருளை. நான் தோற்றேன். எவ்வளவு வித்தியாசம் என்று கேட்காதீர்கள், இப்போதும் எரியும். பதவி ஏற்ற அன்றைக்கே அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்து, "உருளைய ஓரமா நிறுத்திட்டு வா. கண்மாய்க் கரையப் பாத்துட்டு வருவோம்" என்றார். என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

தலைவராக அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மடையில் ஒரு பலகை மாற்ற வேண்டுமென்றால் ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அங்கிருந்து மாவட்டத்தைக் கை காட்டுவார்கள். மாவட்டத்தில் கேட்டால் சென்னையிலிருந்து உத்தரவு வர வேண்டும் என்பார்கள். அதற்குள் தண்ணீர் வடிந்து கண்மாய் காய்ந்துவிடும். மாநிலத்துக்கு உரிய அதிகாரத்தை டெல்லி தர மறுக்கிறது என்று அவர் கட்சியும் மேடை போடும், என் கட்சியும் மேடை போடும். அந்தப் பேச்சில் மட்டும் எங்களுக்குள் சண்டையே வராது. அக்கா அதோடு நிற்க மாட்டார். "சென்னைக்கு வந்த அதிகாரம் செம்பாவயலுக்கு எப்ப பஸ் ஏறும்?" என்று கேட்பார். அவர் கட்சி மேடையிலேயே கேட்டார். கைதட்டல் வந்தது, அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை.

பிறகு பதவிக் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. தலைவர் நாற்காலியும் வார்டு உறுப்பினர்களும் இல்லாமல் ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊராட்சியைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. சேர்த்தால் நூறு நாள் வேலை போகும். வரி கூடும். கண்மாய்க்கும் மேய்ச்சலுக்கும் எங்கோ ஓர் அலுவலகத்தில் முடிவெடுப்பார்கள். கிராம சபை என்ற ஒன்றே இருக்காது. கேள்வி கேட்க எங்களுக்கு இருந்த ஒரே இடம் அதுதான். அதுவும் போய்விட்டால் அப்புறம் எங்கே போய் வாயைத் திறப்பது?

அக்கா எல்லாக் கட்சிக் கிளைக்காரர்களையும் உரக்கடைக்குக் கூப்பிட்டார். நான் போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் போனேன். வாசலில் உர மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு மறித்தார். "துண்ட இங்க கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க. வேட்டியக் கழட்டச் சொல்ல முடியல, அதனால துண்டு மட்டும்" என்றார். எங்கள் இரண்டு கட்சியிலும் சேராத தோழர் மாணிக்கம்கூடச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. மூட்டை மேல் துண்டுகள் கலந்து கிடக்கும். உள்ளே அந்த உர வாடையில், தோளில் துண்டில்லாமல் உட்கார்ந்து பேசுவோம். தோளில் துண்டு இல்லாதபோது ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்துக் கத்துவது கொஞ்சம் குறையத்தான் செய்தது.

அந்த வழக்கத்தால் எனக்கு வந்த வினையையும் சொல்ல வேண்டும். ஒருநாள் கரண்ட் போன நேரத்தில் கூட்டம் முடிந்தது. எங்கள் மாவட்டச் செயற்குழுவுக்கு நேரமாகிவிட்டதென்று மூட்டை மேலிருந்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். இரண்டு கட்சித் துண்டும் வெள்ளைதான், கரை மட்டும்தான் வேறு. மேடையில் ஏறி வணக்கம் சொல்கிறேன், ஒரே கூச்சல். எங்கள் மாவட்டச் செயலாளர் மைக்கிலேயே கேட்டார்: "ஏய்யா தங்கராசு, எப்பய்யா அங்கிட்டுப் போன?" குனிந்து பார்த்தால் அக்கா கட்சிக் கிளைச் செயலாளரின் துண்டு. மானம் போனது. திரும்பி வந்து அக்காவிடம் குதித்தேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "ஒன் துண்டு இங்கதான் இருக்கு. அதப் போட்டுட்டு அவன் எங்க கூட்டத்துக்குப் போயிருந்தா நான்ல மாட்டியிருப்பேன்?" என்றார்.

இனி எழுதப் போவதை எழுதுவதற்குக் கை கூசுகிறது. ஆனால் நல்லதை மட்டும் எழுத என்னைக் கேட்கவில்லை. சுதந்திர தினக் கிராம சபையில் எல்லாக் கட்சியும் சேர்ந்து கை தூக்கித் தீர்மானம் போடுவது என்று முடிவு செய்திருந்தோம். எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் ஊராட்சியை எதோடும் சேர்க்கக் கூடாது, எங்கள் ஊருக்குரிய முடிவை ஊரே எடுக்க வேண்டும் என்ற தீர்மானம். அன்று காலை பள்ளிக்கூடத்தில் சாமியானா போட்டாயிற்று, ஆட்கள் வந்தாயிற்று. எல்லாரையும் கூப்பிட்ட அக்கா வரவில்லை. காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னது. அவர் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். தீர்மானத்தை எடுக்கவே ஆள் போதவில்லை.

நான் நேராக உரக்கடைக்குப் போனேன். அக்கா நாற்காலியில்தான் இருந்தார். வாய்க்கு வந்தபடி கத்தினேன். கத்தி ஓய்ந்ததும், "காய்ச்சல் எல்லாம் இல்ல தங்கராசு. காலையில மேலிடத்துல இருந்து போன் வந்துச்சு. போக வேணாம்னாங்க. பயந்துட்டேன்" என்றார். பிறகு கேட்டார்: "ஒனக்குப் போன் வரலையா?"

வந்ததுதான். எங்கள் மேலிடம் என்னை அவசியம் போகச் சொல்லியிருந்தது. ஆட்சியில் இருக்கும் அக்கா கட்சிக்குச் சங்கடம் என்றால் எங்களுக்கு லாபம், அவ்வளவுதான் கணக்கு. அதைச் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் என் மேல் இருக்கிறது. "அப்ப நீ போனதும் போன் சொல்லித்தான். நான் போகாததும் போன் சொல்லித்தான். டெல்லிக்காரன் சென்னைக்குத் தரணும்னு கேக்குறோம், சென்னைக்காரங்க ஊருக்குத் தரணும்னு கேக்குறோம். ஊருக்கே குடுத்தாலும் அத வாங்க நம்மகிட்ட கையிருக்கா தங்கராசு?" என்றார். இதைச் சொல்லும்போது அவர் உடைந்து அழுதார். நான் அவரை எதிர்த்து எத்தனையோ கூட்டம் பேசியிருக்கிறேன். ஆனால் அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அக்கா வீடு வீடாகப் போனார். "காய்ச்சல்னு பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்று வாசலில் நின்று சொன்னார். சில வீடுகளில் உட்காரச் சொல்லவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் சிலர் முகத்துக்கு நேரே ஏசினார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் கட்சிக்காரர்களை மறுபடியும் உரக்கடையில் கூட்டினார். யோசனை அவருடையது: காந்தி ஜெயந்தி அன்று காலையில் நாங்கள் அத்தனை பேரும் எங்கள் போனைக் கொண்டுவந்து ஒரு காலி உரச் சாக்கில் போட்டுவிட வேண்டும். கை தூக்கி முடியும் வரை யாரும் எடுக்கக் கூடாது. "மொதல்ல என்னோடத போடுறேன். நான்தான் மாட்டுனவ" என்றார். தோழர் மாணிக்கம், போனை அணைத்து வைத்துவிட்டால் போதாதா என்று கேட்டார். "சத்தம் கேக்கணும் தோழர். கேட்டும் எடுக்காம இருக்கணும்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகுதான் முத்துவின் ஆட்டோவுக்குப் பேசிக் கொடுத்தார். மறுநாள் காலை போய்விட்டார்.

அவர் கட்சிக் கொடியைப் போர்த்தித்தான் எடுத்தார்கள். அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாலை போட நான் போனபோது, என் பின்னால் வந்த எங்கள் ஆட்களும் மற்றக் கட்சிக்காரர்களும் யாரும் சொல்லாமலே தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. குழந்தை மாதிரி அழுதேன்.

முத்து ஆட்டோவை வீட்டில் நிறுத்திவிட்டான். "செத்தவங்க கொரல வச்சு என்னால சுத்த முடியாதுங்க, நெஞ்சு படபடங்குது" என்றான். நியாயம்தான். உரக்கடையில் கூடிய எல்லாக் கட்சிக்காரர்களும் என்னையே பேசச் சொன்னார்கள். பேசிப் பதிவு செய்தேன். ஒரு தெருதான் சுற்றியிருப்பான், நூறு நாள் வேலைப் பெண்கள் ஆட்டோவை மறித்துவிட்டார்கள். "அவங்க பேசுனதப் போடு. இவர் கூப்பிட்டா ஏதோ கட்சிக் கூட்டம்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தரும் வரமாட்டோம்" என்றாள் ஒருத்தி, நான் அங்கேயே நிற்பதைப் பார்த்தும். கார்த்தியிடம் கேட்டோம். "போடுங்க மாமா" என்றான்.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது? அக்காவின் படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தெருவில் அக்கா பேசிக்கொண்டு போவார். டீக்கடையில் பேச்சு நின்றுவிடும், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். உரக்கடை இருக்கும் பக்கம் போவதை விட்டுவிட்டு வயல் வழியாகச் சுற்றிப் போனேன். அங்கேயும் காற்று அந்தக் குரலைக் கொண்டுவந்தது. நான் வாரேன், நீங்களும் வாங்க என்ற அந்தக் கடைசி வரி வரும்போதெல்லாம் நடையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். வருவார் என்றே ஒரு கணம் தோன்றும். பஸ் நிறுத்தத்தில் புல்லுக்கட்டோடு நின்ற ஒரு பெண், ஆட்டோ கடக்கும்போது மிகச் சாதாரணமாக, "வாரேன்க்கா, வாரேன்" என்று பதில் சொன்னாள். அவளுக்கு அக்கா இறந்தது தெரியும். அடக்கத்தன்று என் வீட்டுக்காரியோடு அழுதவள்தான். எங்கள் ஊருக்கே ஏதோ பிடித்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன்.

காந்தி ஜெயந்தி அன்று பள்ளிக்கூடம் கொள்ளவில்லை. அன்னவாசலில் கட்டிக் கொடுத்த பெண்கள்கூட அம்மா வீட்டுக்கு வந்த மாதிரி வந்திருந்தார்கள். சாக்கை மேசைக்கு அடியில் வைத்தோம். ஒவ்வொரு கட்சிக்காரராக வந்து போனைப் போட்டார்கள். கடைசியாகக் கார்த்தி வந்தான். சட்டைப் பையிலிருந்து அக்காவின் போனை எடுத்துப் போட்டான். "அம்மா போடுறேன்னு சொன்னாங்கள்ல" என்றான்.

ஊராட்சிச் செயலர் மேலேயிருந்து வந்த கூட்டப் பொருள்களை எல்லாம் வாசித்து முடித்து எங்கள் தீர்மானத்துக்கு வந்தார். அவர் தொடங்கவும் சாக்கு தொடங்கியது. ஒரு போனில் சாமி பாட்டு, இன்னொன்றில் எங்கள் கட்சிப் பாட்டு. முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு ஒவ்வொருவருக்கும் தன் போன் எது என்று தெரிந்து முகம் மாறியது. என் போன் அடித்தபோது என் கால் தானாக முன்னால் நகர்ந்தது, பிடித்து நிறுத்தினேன். அப்போது பழைய வீட்டுப் போன் மணி போல ஒரு சத்தம் கேட்டது. உரக்கடைக்கு வந்துபோன அத்தனை பேருக்கும் தெரிந்த சத்தம். அக்காவின் போன். கூட்டம் அப்படியே அடங்கியது. சாக்குக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது. "சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார் செயலர். கட்சி பார்க்காமல் பள்ளிக்கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. எதிர்த்து ஒரு கை இல்லை.

தீர்மானம் மேலே போயிருக்கிறது. என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஊர் தன் வாயால் கேட்டுவிட்டது.

எல்லாரும் போனை எடுத்துக்கொண்டு போன பிறகு சாக்கில் அக்காவுடையது மட்டும் மறுபடி அடித்தது. கார்த்தி அதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். திரையில் 'மேலிடம்' என்று அக்கா போட்டு வைத்திருந்தார். நான் எடுத்தேன். சென்னையிலிருந்து யாரோ ஓர் இளைஞர், அக்கா போன செய்தி இன்னும் அவருக்கு எட்டவில்லை. "இந்திராணி அம்மா நம்பர்தானங்க? அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. அம்மாகிட்ட குடுங்களேன்."

"அக்கா கையத் தூக்கியாச்சுங்க" என்றேன். "இனிமே எறக்கச் சொல்ல ஒங்களால முடியாது."

அக்கா, உங்களுக்காக உங்கள் கட்சிக்கு நான் சொன்ன பதில் அது ஒன்றுதான். அது பொய் என்று செம்பாவயலில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நிம்மதியாகப் போங்கள்.